பட்டுக்கோட்டை நில வழக்கு: இங்கிருந்து பவர் பத்திரம் அனுப்பியவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். அப்பா இங்கே உழைத்த காசில் 1986இல் பட்டுக்கோட்டைப் பக்கம் கிரயம் வாங்கிய நஞ்சை நிலத்துக்கு இப்போது பெரியப்பா மகன் சொந்தம் கொண்டாடி வழக்குப் போட்டிருக்கிறார். 12 வருஷத்துக்கு மேல் அனுபவத்தில் இருப்பதால் நிலம் தனக்கே என்கிறார். பட்டாவையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

மூலப் பத்திரம் எங்களிடம்தான். பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது. அப்பாவின் அனுமதியோடு உழுதால் அது எதிரிடை அனுபவமும் (உரிமையாளர் அனுமதி இல்லாமல் நீண்ட காலம் அனுபவித்து உரிமை கோருவது) ஆகாது. அந்த அனுமதிக்குச் சாட்சி, பெரியப்பா மகனே அப்பாவுக்கு எழுதிய ஏரோகிராம்கள் (விமான அஞ்சல் கடிதங்கள்). ஒன்றில், "சித்தப்பா, இந்தப் போகம் உங்க பங்கு 14 மூட்டை" என்று நீல மையில் தெளிவாக இருக்கிறது. இதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

சம்மன் வந்துவிட்டது. எதிர்வாதம் தாக்கல் செய்ய 30 நாள்தான் கெடு. ஊரில் எங்கள் சார்பில் வழக்கை நடத்த அத்தை பெயரில் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டும். நோட்டரி கையெழுத்தோடு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகத் தரும் சான்று) போதுமா, கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமும் வேண்டுமா? ஊருக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டுமாமே, அதை அத்தையே செய்யலாமா? பழைய கடிதங்களை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தவர்கள் யாராவது உண்டா? பட்டுக்கோட்டையில் நம்பிக்கையான சிவில் வக்கீல் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், இன்றிரவே அழைக்கிறேன்.