கும்பகோணம் பக்கம் மாசம் ஒரு கடை, எட்டுப் பேர்: எப்படி நடத்துறது?

அரிசிலாறு:
கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான்னு சுத்துவட்டாரத்துல இருக்கிற எட்டுப் பேர் மாசம் ஒருக்கா ஒரு கடைக்குச் சேர்ந்து போய்ச் சாப்பிடலாம்னு பேச்சு. மூணு பேர் சைவம். எந்தக் கடை, எந்த நாள், பில்லை எப்படிப் பிரிக்கிறது, எல்லாத்துலயும் இப்பவே குரூப்ல இழுபறி. ஆளுக்கு 300 ரூபாய்க்குள்ள முடியணும். நடத்திப் பழகினவங்க சொல்லுங்க.

பசியாறு:
கடைப் பேரை ஓட்டெடுப்புக்கு விட்டா முடியவே முடியாது. முதல்ல பண்டம், அப்புறம் அது சூடா இறங்குற நேரம். ரெண்டும் முடிவானா கடை தானா அமையும்.

இட்லிக்குத் தொட்டுக்கிற நம்ம கும்பகோணம் கடப்பாவையே எடுத்துக்குங்க. நிறைய கடையில ஞாயிறு சாயங்காலம்தான் போடுவாங்க, அதனால காலையிலேயே போன் போட்டுக் கேட்டுடணும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சமாச்சாரம், ஆற ஆற இறுகும். எட்டரைக்குப் போனா இறுகினதுல வெந்நீரை விட்டு விளாவி ஊத்துவாங்க. தேங்காய், சோம்பு வாசமெல்லாம் அதோட போச்சு. ஆறரைக்கு இலை முன்னாடி இருக்கணும். கிழங்கு சதுரம் சதுரமா வெட்டினதா இருக்கக் கூடாது, கையால உதிர்த்து விட்டிருக்கணும். நிறம் வெளிறித்தான் இருக்கும். நாக்குல மாவா ஒட்டுச்சுன்னா பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டு அளவைக் கூட்டியிருக்காங்க. இட்லியோட சாப்பிட்டுட்டு அபிப்பிராயம் சொல்லுங்க, பரோட்டாவுல ஊத்திக்கிட்டு இல்ல.

மெஸ் சாப்பாடுன்னா பன்னிரண்டரை. ரெண்டு மணிக்கு மேல கூட்டு, பொரியல் தீர்ந்து சாம்பாரும் நீர்த்திருக்கும். பரோட்டாவுக்கு ராத்திரி ஏழுக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி கல் சரியாக் காஞ்சிருக்காது.

வெண்ணாறு:
பசியாறு அண்ணன் சொன்னதோட நாள்காட்டியையும் பாருங்க. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை எகிறும். மத்தபடி தட்டுக்கு வர்றது ஐஸ்ல கிடந்த வெளியூர் மீனா இருக்க வாய்ப்பு அதிகம். நாகூர், நாகப்பட்டினம் மீன் சாப்பாட்டை ஜூலைக்குத் தள்ளிடுங்க. நாகூர்ப் பக்கம் அரிசிமாவுல இறால் வச்சுப் பொரிக்கிற இறால் வாடாவும் அப்பவே வச்சுக்கலாம், சாயங்காலம் எண்ணெயிலேர்ந்து எடுத்ததும் கேட்டு வாங்குங்க. ஆறினா அரிசிமாவு ஓடு கல்லாயிடும்.

புரட்டாசியிலயும் கார்த்திகை மாலை போட்ட நாள்லயும் அசைவக் கடை வச்சா பாதிப் பேர் வரமாட்டாங்க. அந்த மாசங்களுக்குத் திருவையாறு அசோகா அல்வா, நீடாமங்கலம் பால் திரட்டுன்னு இனிப்புச் சுற்று வைங்க. அசோகாவும் பாசிப்பருப்புதான், கோதுமை மாவும் நெய்யும் சேரும். ரெண்டு பேருக்கு 100 கிராம் தாராளம், அதுக்கு மேல திகட்டும். நெய் உறைஞ்சு வெள்ளைத் திட்டு தெரிஞ்சா சூடு பண்ணித் தரச் சொல்லுங்க.

சைவக்காரங்க விஷயம்: போர்டுல 'சைவம், அசைவம்'னு எழுதியிருந்தா மட்டும் போதாது. தோசைக்கல் தனியா, எண்ணெய்ச்சட்டி தனியான்னு கேட்டுக்குங்க. ரெண்டும் ஒண்ணுன்னா ஒரு மாசம் சைவக் கடை, மறு மாசம் அசைவக் கடைன்னு மாத்தி மாத்திப் போறதுதான் வழி.

கல்லாப்பெட்டி:
பில்லுக்கு வர்றேன். மொத்தத்தை எட்டால வகுத்தா சைவக்காரங்க மூணு மாசத்துல கழண்டுக்குவாங்க. ஆர்டர் சொல்லும்போதே மூணு கணக்கு வைங்க: சைவம், அசைவம், பொது. பில் 1,980னு வைங்க. அதுல சைவம் 480, அசைவம் 1,200, காபி, இனிப்பு மாதிரிப் பொது 300. பொதுவுல ஆளுக்கு 37.50. சைவம் ஆளுக்கு 160 கூட்டி 197.50, அசைவம் 240 கூட்டி 277.50. ஒருத்தர் கட்டிட்டு, எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே ஜிபே வாங்கிடணும். வீட்டுக்குப் போனப்புறம் கேட்டா சங்கடம்.

பில்லையும் படிங்க. சாதாரண ஓட்டல்ல ஜிஎஸ்டி 5 சதவீதம். சின்ன வியாபாரிகளுக்கான கம்போசிஷன் வரித் திட்டத்துல இருக்கிற கடை வாடிக்கையாளர்கிட்ட ஜிஎஸ்டி தனியா வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் நம்ம ஊர் மெஸ்ல ஏது, ஏசி ரூம்ல போட்டா எடுக்கச் சொல்லலாம், கட்டாயமில்ல.

இன்னொண்ணு, ஞாயிறு பத்தி எனக்கு உடன்பாடு இல்ல. கோயில் சுத்த வர்ற வேன் கூட்டமும் முகூர்த்தக் கூட்டமும் அன்னிக்குத்தான். எட்டுப் பேருக்குச் சேர்ந்தாப்புல இடம் கிடைக்காது. செவ்வாய், புதன் போங்க.

பசியாறு:
செவ்வாய்க்கிழமை கடப்பாவுக்கு எங்க போறது? ஞாயிறேதான். ஆனா நாலு நாலா ரெண்டு மேசையில பிரிஞ்சு உட்காருங்க, மேசையே நாலு பேருக்குத்தான் போட்டிருப்பான். ரெண்டு மேசையிலயும் ஒரே பண்டத்தைச் சொல்லாம வேற வேற சொல்லி, கிண்ணத்தை மாத்திக்குங்க. பதினாறு இட்லிக்கு மூணு கிண்ணம் கடப்பா கேளுங்க, ஒண்ணா ஊத்தித் தந்தா கடைசி ஆளுக்கு ஆறிப்போனதுதான்.

அரிசிலாறு:
நன்றிங்க. அப்போ முதல் சுற்று ஞாயிறு ஆறரை, கடப்பா. வீட்டுக்குப் பார்சல் வாங்கலாமா?

வெண்ணாறு:
தூக்குவாளி எடுத்துட்டுப் போங்க. வீட்டுல இறுகியிருந்தா வெறும் வெந்நீர் வேணாம், கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுச் சின்னத் தீயில சூடு பண்ணுங்க. கொதிக்க விட்டா திரிஞ்சிடும்.