குளிர்காலத்தில் காரில் இரண்டு நாள் பயணம்: வீட்டுச்செடிகள் தாங்குமா?

கேள்வி:
வீடு மாற்றுகிறோம். நடுவில் ஓர் இரவுத் தங்கல் உண்டு. வெளியே -5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அக்லோனிமா 3, அந்தூரியம் 2, கலாத்தியா 1, மணிபிளான்ட், 5 அடி ஃபிகஸ் ஒன்று. கிளம்பும் அன்று நன்றாகத் தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக் பையால் மூடினால் போதுமா?

பதில் 1:
இரண்டையுமே செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கின் உட்புறம் நீர் கோத்து இலையோடு ஒட்டும். ஒட்டிய இடம்தான் முதலில் கருகும். சொதசொதவென்ற மண் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் சூடேற வெகுநேரமாகும், வேர் அழுகும். கிளம்ப 2-3 நாள் முன்பே தண்ணீர் விட்டு நிறுத்துங்கள்.

பனி உறைந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பமண்டலச் செடிக்கு 0 டிகிரி வரை போகவே வேண்டாம். 10-12 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் இருந்தாலே செல்களின் சவ்வு இறுகிக் கசிய ஆரம்பிக்கும். அன்றைக்கு இலை நன்றாகவே இருக்கும். சில நாள் கழித்துத்தான் நீரில் ஊறியதுபோல் கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். உங்களிடம் இருப்பதில் அக்லோனிமாவுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். சில ரகங்களுக்கு 13 டிகிரியே அதிகக் குளிர்.

இலைகளைக் கீழிருந்து மேலாக அணைத்துச் சேர்த்து, செய்தித்தாளை 2-3 சுற்று கூம்பாகச் சுற்றுங்கள். மேல் முனையையும் மடித்து டேப் ஒட்டுங்கள். பிறகு அட்டைப்பெட்டியில் வைத்து, தொட்டிகள் ஆடாதபடி இடுக்குகளில் தாள் திணியுங்கள்.

பதில் 2:
பிளாஸ்டிக் பற்றி ஒரு சின்னத் திருத்தம்: தாளுக்கு வெளியே, வாசலிலிருந்து கார்வரை காற்றைத் தடுக்க மட்டும் போடலாம். காரில் வைத்ததும் எடுத்துவிடுங்கள்.

காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினையும் ஹீட்டரையும் ஓடவிட்டு, உள்ளே 18-20 டிகிரி வந்தபிறகே செடிகளை ஏற்றுங்கள். கடைசியில் ஏற வேண்டியவை, முதலில் இறங்க வேண்டியவை செடிகள்தான். டிக்கி வேண்டாம், ஹீட்டர் காற்று அங்கே போகாது. கண்ணாடியில் இலை படக்கூடாது; ஹீட்டர் காற்று நேராக அடித்தாலும் இலை ஓரம் காயும். ஃபிகஸைச் சாய்த்த சீட்டில் படுக்கவைக்கலாம், தொட்டி வாயைத் துணியால் இறுகக் கட்டியபின். பழுத்த வாழைப்பழம், ஆப்பிளைச் செடிகளோடு வைக்க வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயுவால் இலை மஞ்சளாகி உதிரும்.

செடிகள் பெரும்பாலும் சாவது அந்த இரவில்தான். எஞ்சினை அணைத்தால் சீக்கிரமே வெளிக்குளிர் உள்ளே வந்துவிடும். எத்தனை பெட்டியானாலும் அறைக்குள் தூக்கிப்போங்கள்.

கேள்வி கேட்டவர்:
பெட்டிக்குள் ஹீட் பேக் (தானே சூடாகும் சிறு பொட்டலம்) வைக்கட்டுமா?

பதில் 3:
ஹீட்டர் போட்ட காரில் தேவையில்லை. கூரியரில் அனுப்பினால்தான் வேண்டும். ஹீட் பேக்கின் உள்ளே இருக்கும் இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடு தருகிறது. காற்றுப்புகாமல் ஒட்டிய பெட்டியில் அது அணைந்துவிடும், சிறு துளைகள் அவசியம். தாளில் சுற்றி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். இலையில் நேராகப் பட்டால் வெந்துவிடும்.

செடி பட்டுப்போனாலும் மறுபடி வளர்க்க, மணிபிளான்டில் கணுவோடு நாலைந்து துண்டு வெட்டி, ஈரப்பாசியில் சுற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு எல்லை தாண்டுவதானால் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், மண்ணோடு விடாத இடங்களும் உண்டு. முன்கூட்டியே விசாரியுங்கள்.

பதில் 1:
போய்ச் சேர்ந்ததும் அன்றே பிரித்துவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம். மண் காய்ந்திருந்தால் மட்டும் அறைச் சூட்டில் உள்ள தண்ணீர் விடுங்கள். தொட்டி மாற்றுவதும் உரமும் ஒரு மாதம் கழித்து. ஃபிகஸ் இலை கொட்டும். பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள், கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் துளிர்க்கும்.