அம்மாவுக்கு மீண்டும் மீண்டும் நீர்க்கடுப்பு: என்ன செய்யலாம்?

கேள்வி:
என் அம்மாவுக்கு 61 வயது. கடந்த தீபாவளிக்குப் பிறகு மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று மோரும் இளநீரும் குடிப்பார். எரிச்சல் தாங்க முடியாமல் போனால் மருந்துக்கடையில் இரண்டு நாளுக்கு மாத்திரை வாங்கி, எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுவார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஜவுளிக்கடையில் நின்றபடியே விற்பனை செய்தவர். கழிப்பறைக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்ததால், தண்ணீரைக் குறைத்தே பழகிவிட்டார். இன்றும் பேருந்து ஏறுமுன் தம்ளரை நீட்டினால், உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பித் தருகிறார். இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மறுமொழி 1:
மகளிர் நோய்ப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றியவள் நான். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே என்பதால், குடலில் வாழும் இ.கோலை கிருமி எளிதில் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டு, அங்கே காவலாக இருந்த நல்ல நுண்ணுயிர்களும் அருகிவிடுகின்றன. கூச்சத்தால் பலரும் இதைப் பேசுவதேயில்லை. அங்கே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்குத் தொற்று திரும்புவதைக் குறைக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவராயின் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை, மாத்திரையைத் தொடங்குமுன், எந்தக் கிருமி என்று கண்டறியும் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். சர்க்கரை அளவையும், கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் மிச்சம் தங்குகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காய்ச்சலோடு விலாவின் பின்புறம் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மறுமொழி 2:
கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. நானும் ஜவுளிக்கடையில்தான் இருக்கிறேன். உட்கார நாற்காலி வந்தது, கழிப்பறைக்குப் போகும் தயக்கம் போகவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் தண்ணீர்ப் புட்டியும் பல நாட்கள் நிரம்பியபடியே வீடு திரும்புகிறது. பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையாம்.

கேட்டவர்:
இவற்றை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது, வெளியே போனால் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று இன்றுதான் முதன்முறையாகச் சொன்னார்.

மறுமொழி 1:
அவர் சொன்னதே பெரிய உதவி. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசைகளைச் சில நொடிகள் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, மூச்சை அடக்காமல், நாள்தோறும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்யச் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது கசிவையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அவருக்குக் கூச்சமாக இருந்தால், அவர் அனுமதியோடு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.