எரர் பெட்டியும் நாங்களும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

புறக்கோட்டையில் கணினி திருத்துபவர்:

மொத்த வியாபாரக் கடை ஒன்று. காலை பத்து மணி, மூட்டை தூக்குபவர்கள் வாசலில் நிற்கிறார்கள், பில் வரவில்லை. முதலாளி கோல் எடுத்தார். "தம்பி, ஓவர்ஃப்ளோ எண்டு வருது, வைரஸோ?"

போய்ப் பார்த்தேன். "ரன்டைம் எரர் 6: ஓவர்ஃப்ளோ" என்று ஒரு சின்னப் பெட்டி. ஓகேயை அழுத்தினால் புரோகிராமே மூடிவிடும். விஷுவல் பேசிக் 6இல் எழுதியது. அந்த மொழியில் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் உண்டு. 11 என்றால் பூச்சியத்தால் வகுத்திருக்கிறது, 53 என்றால் ஃபைலைக் காணவில்லை. 6 என்றால் ஓர் எண் தனக்கான இடத்தில் அடங்கவில்லை. கடைசியாக அடித்த பில்லை வாங்கிப் பார்த்தேன்: பில் இலக்கம் 32,767. இன்டிஜர் என்று அறிவித்த மாறி, அதாவது எண்ணை வைத்திருக்கும் இடம், தாங்கும் உச்சம் அதுதான். அந்த 6 மட்டும் இல்லாவிட்டால் அன்று முழுக்க ஹார்ட் டிஸ்கைச் சந்தேகித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

மாறியை லோங் என்று மாற்றினால் 214 கோடி வரை போகும். ஆனால் புரோகிராம் எழுதியவர் வேறொரு வரியைச் சேர்த்து அனுப்பினார்: ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். பெட்டி வரவில்லை, எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் மாலை கணக்கப்பிள்ளை பில்களைப் புரட்டினால் அத்தனையிலும் அதே இலக்கம், 32,767. ஒன்றைக் கூட்டும் வரி ஒவ்வொரு தடவையும் தோற்று, சத்தமில்லாமல் கடந்து போயிருக்கிறது. எந்தக் காசு எந்தப் பில்லுக்கு என்று பிரிக்க அவருக்கு இரண்டு இரவு போனது. அந்த வரியை எழுதியவர்மீது எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு டெவலப்பர்:

நாங்கள் விட்ட பிழையும் இதே குடும்பம். ஒரு பதிவுப் படிவம் செய்தோம். அம்மாவுக்கு உடனே பதிவானது. தங்கைக்கு மூன்று நாளாக "சற்று நேரத்தின் பின் முயற்சிக்கவும்" என்றே வந்தது. "அண்ணா, உங்கட சேர்வர் எப்ப எழும்பும்?" என்று கேட்டாள். சேர்வருக்கு ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் இருப்பது பழைய அடையாள அட்டை: 9 இலக்கமும் ஓர் எழுத்தும். எழுத்தைக் கழற்றிவிட்டு மிச்சத்தை எண்ணாக மாற்றுவோம். தங்கையுடையது புதிய 12 இலக்க அட்டை. ஜாவா மொழியின் இன்ட் என்ற எண் வகைக்குள் அது அடங்காது, நம்பர் ஃபோர்மட் எக்செப்ஷன் என்ற பிழை விழும்.

வகைப்படுத்தியதில்தான் கோட்டை விட்டோம். சேர்வர் தரும் பதிலோடு ஓர் எண் வரும்: அனுப்புபவர் பக்கத் தவறென்றால் 400 வரிசை, சேர்வர் பக்கத் தவறென்றால் 500 வரிசை. இது எங்கள் தவறு, 500 போனது சரி. ஆனால் 500 என்றாலே "பின் முயற்சிக்கவும்" என்று காட்டும்படி வைத்திருந்தோம். எத்தனை நாள் காத்திருந்தாலும் அந்த இலக்கம் உள்ளே போகப் போவதில்லை. அப்புறம் லொக்கை, அதாவது நடந்ததையெல்லாம் புரோகிராம் எழுதி வைக்கும் பதிவை, திறந்தால், முதல் நாளிலிருந்தே காரணம் பச்சையாக எழுதிக் கிடக்கிறது. வோர்னிங் என்று பதிந்ததால் யாருக்கும் அலாரம் அடிக்கவில்லை. எரர் என்று பதிந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இப்போது திரையில் "இது எங்கள் பக்கத் தவறு" என்ற ஒரு வரியும் ஒரு குறிப்பு இலக்கமும் மூன்று மொழியிலும் வருகின்றன. முழு விபரம் லொக்கில் மட்டும். அதை வெளியே காட்டினால் உள்ளமைப்பை அந்நியருக்குத் திறந்து வைப்பதாகிவிடும். தமிழ் வரியை அம்மாவிடம் வாசித்துக் காட்டிய பிறகே போட்டோம். முதலில் இருந்த "விதிவிலக்கு ஏற்பட்டது" அவருக்கு விளங்கவே இல்லை.

கொட்டாஞ்சேனை பார்மசி ஒன்றின் கெஷியர்:

எனக்குப் புரோகிராம் தெரியாது. பெட்டி வந்தால் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்ததும் கை தானாக ஓகேயை அழுத்திவிடும். பிறகு என்ன வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது முதலில் ஃபோனில் படம் எடுக்கிறேன். இன்று எடுத்ததில் "ரன்டைம் எரர் 70" என்று இருக்கிறது. என்ன அண்ணா அது?

புறக்கோட்டையில் கணினி திருத்துபவர்:

70 என்றால் அனுமதி மறுப்பு, தங்கச்சி. பெரும்பாலும் அதே ஃபைலை வேறு யாரோ திறந்து வைத்திருப்பார்கள். பக்கத்துக் கவுண்டரில் மூடச் சொல்லிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.