கோபோல் புரோகிராமை ஜேசன் சர்வீஸாகக் கொடுக்க லினக்ஸில் செட்டப் செய்வது எப்படி?

பச்சைத்திரை:
எங்கள் கிளையண்ட் ஒரு காப்பீட்டு நிறுவனம். பிரீமியம் கணக்கிடுகிற கோபோல் புரோகிராம் சிஐசிஎஸ்-ல் (மெயின்ஃபிரேமில் ஆன்லைன் வேலைகளை நடத்தும் ஐபிஎம் மென்பொருள்) ஓடுகிறது, காம்ஏரியாவில் (புரோகிராம்களுக்கு இடையே டேட்டா கைமாறும் மெமரிப் பகுதி) விவரம் வாங்கி அதிலேயே தொகையைத் திருப்பித் தரும். இப்போது மொபைல் ஆப் டீம் அதையே ஜேசனில் (வெப்பில் டேட்டா அனுப்பும் எழுத்து வடிவம்) கேட்கிறார்கள். டெஸ்ட் ரீஜன் (சோதனைக்கான சிஐசிஎஸ் சூழல்) கிடைப்பதே பெரும்பாடு, அதனால் என் உபுண்டு லேப்டாப்பிலேயே கம்பைல் செய்து, வெப் சர்வீஸாக ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். க்னுகோபோல் என்ற இலவசக் கம்பைலர் இதற்குத் தாங்குமா? பைத்தானிலிருந்து எப்படிக் கூப்பிடுவது? ஜேசிஎல், பேட்ச் எல்லாம் நன்றாகத் தெரியும், வெப் பக்கம்தான் புதிது.

நள்ளிரவு_பேட்ச்:
தாங்கும், ஆனால் புரோகிராமை அப்படியே தூக்கிவந்து போட முடியாது. சிஐசிஎஸ்-ஐக் கூப்பிடும் எக்ஸெக் சிஐசிஎஸ் வரிகள் க்னுகோபோலுக்குப் புரியாது. கணக்குப் போடுகிற பகுதியைத் தனி சப்-புரோகிராமாகப் பிரித்து, கூப்பிடுபவர் தரும் டேட்டாவுக்கான லிங்கேஜ் செக்‌ஷன் வழியாக மட்டும் டேட்டா வாங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சிஐசிஎஸ் புரோகிராமும் அதைக் கால் செய்யட்டும், லேப்டாப்பிலும் அதே சோர்ஸ் ஓடட்டும். இந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டேட்டாபேஸைக் கூப்பிடும் எக்ஸெக் எஸ்க்யூஎல் வரிகள் இருந்தால் தனி ப்ரீகம்பைலர் வேண்டும், கிக்ஸ்எஸ்க்யூஎல் பாருங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது க்னுகோபோல்3 பேக்கேஜைப் போடுங்கள். 4 என்று ஒன்று கண்ணில் படும், அது இன்னும் முறையாக வெளிவராத பதிப்பு. 3.2 வந்தது 2023-ல். கோப்சி கம்பைலர் கோபோலை சி-யாக மாற்றி ஜிசிசி-யிடம் கொடுக்கும். '-எம்' ஆப்ஷன் கொடுத்தால் மற்ற புரோகிராம்கள் லோட் செய்யக்கூடிய டாட் எஸ்ஓ ஃபைல் கிடைக்கும், கூடவே ஸ்டாண்டர்டை ஐபிஎம் என்று கொடுங்கள். பைத்தானில் சிடைப்ஸ் (சி லைப்ரரியைக் கூப்பிட உதவும் மாட்யூல்) வைத்து முதலில் க்னுகோபோலின் ரன்டைமான லிப்காப் லைப்ரரியை லோட் செய்து காப்_இனிட் கூப்பிட வேண்டும், அப்புறம்தான் உங்கள் மாட்யூல். புரோகிராம் பெயரில் ஹைஃபன் இருந்தால் சி ஃபங்ஷன் பெயரில் அது இரண்டு அண்டர்ஸ்கோராக மாறிவிடும், பலர் தடுமாறுவது இங்கேதான்.

காம்ப்3:
மேலே சொன்னதோடு டேட்டா விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்டர்ஃபேஸ் ஓட ஆரம்பித்த பிறகு தொந்தரவு முழுக்க அங்கிருந்துதான் வரும். பிக் எஸ்9(7)வி99 காம்ப்-3 (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடைக்கும் பேக்டு வடிவம்) என்றால் 5 பைட். 12345.67 அதில் 00 12 34 56 7சி என்று உட்காரும், கடைசி அரை பைட் குறி, புள்ளி எங்கேயும் இருக்காது. இதைப் பைத்தானில் பிரித்துச் சேர்ப்பதைவிட ஒரு சின்ன ரேப்பர் கோபோல் எழுதுங்கள். அதில் எல்லா எண்களும் சைன் லீடிங் செபரேட் போட்ட டிஸ்ப்ளே ஃபீல்டாக வரட்டும், உள்ளே மூவ் செய்து காம்ப்-3-க்கு மாற்றிக்கொள்ளலாம். பைத்தானுக்குக் கிடைப்பது வெறும் எழுத்து. பணத்துக்கு ஃப்ளோட் வேண்டவே வேண்டாம், டெசிமல் வையுங்கள்.

இன்னொன்று. மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் வரிசைப்படி எழுத்துகள் முதலில், இலக்கங்கள் பின்னால். லேப்டாப்பின் ஆஸ்கியில் நேர் தலைகீழ். ப்ளான் கோடு டேபிளில் எழுத்தும் எண்ணும் கலந்திருந்து அதன்மேல் சர்ச் ஆல் (வரிசைப்படுத்திய டேபிளில் பைனரி சர்ச்) இருந்தால், லேப்டாப்பில் சில கோடுகள் கிடைக்காமலே போகும், எர்ரரும் வராது. டெஸ்ட் ஃபைலை மெயின்ஃபிரேமிலிருந்து எடுக்கும்போது எஃப்டிபி-யில் பைனரி மோடிலேயே எடுங்கள். டெக்ஸ்ட் மோடில் எடுத்தால் பேக்டு ஃபீல்டு எல்லாம் நாசம்.

பச்சைத்திரை:
அருமை, ரேப்பர் யோசனை வேலை செய்கிறது. ஃபாஸ்ட்ஏபிஐ-யில் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) முதல் ரிக்வெஸ்ட் சரியாக வருகிறது. இரண்டாவதில் முந்தைய பாலிசியின் ரைடர் (கூடுதல் காப்பு) தொகையும் சேர்ந்து வருகிறது. தப்பான வயது கொடுத்தால் சர்வரே நின்றுவிடுகிறது, லாகில் ஒன்றுமில்லை.

நள்ளிரவு_பேட்ச்:
சர்வர் நிற்பதற்குக் காரணம் அனேகமாக எர்ரர் பாராகிராஃபில் இருக்கும் ஸ்டாப் ரன். அது பைத்தான் ப்ராசஸையே முடித்துவிடும். கூப்பிட்ட இடத்துக்கே திரும்பும் கோபேக் ஆக்கி, ரிட்டர்ன் கோடில் தகவல் அனுப்புங்கள்.

பழைய தொகை ஒட்டிக்கொள்வது ஒர்க்கிங் ஸ்டோரேஜால் (புரோகிராமின் மாறிகள் இருக்கும் பகுதி). சிஐசிஎஸ்-ல் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் அது புதிதாகக் கிடைக்கும், அதனால் இத்தனை வருஷம் யாருக்கும் தெரிந்திருக்காது. லேப்டாப்பில் மாட்யூல் மெமரியிலேயே இருப்பதால் முந்தைய மதிப்பும் இருக்கும். சோர்ஸைத் தொடக்கூடாது என்றால் ரேப்பரில் கால் செய்து முடித்ததும் கேன்சல் கொடுங்கள். தொடலாம் என்றால் ஒவ்வொரு காலுக்கும் புதிதாகக் கிடைக்கும் லோக்கல் ஸ்டோரேஜுக்கு மாற்றுங்கள், அதுதான் சுத்தம்.

கையோடு இதையும் பாருங்கள்: லிப்காப் த்ரெட்-சேஃப் இல்லை. ஃபாஸ்ட்ஏபிஐ-யில் சாதாரண டெஃப் போட்டால் த்ரெட் பூலில் ஓடும். அசிங்க் டெஃப் போட்டு, ப்ராசஸ் ஒன்றுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கால் என்று வையுங்கள். வேகம் வேண்டுமென்றால் ப்ராசஸ் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

ரீஜன்_காவலர்:
லேப்டாப் பக்கம் நன்றாகப் போகிறது, ப்ரொடக்‌ஷனுக்கு இந்தப் பைத்தான் அடுக்கைக் கொண்டு போக வேண்டாம். சிஐசிஎஸ்-க்குள்ளேயே வசதி இருக்கிறது. டிஎஃப்எச்எல்எஸ்2ஜேஎஸ் என்ற பேட்ச் ஜாபுக்குக் காப்பிபுக்கைக் (டேட்டா அமைப்பை எழுதிய கோபோல் ஃபைல்) கொடுத்தால் ஜேசன் ஸ்கீமாவும், ஜேசனைக் கோபோல் டேட்டாவாக மாற்ற சிஐசிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஎஸ்பைண்ட் ஃபைலும் தரும், பைப்லைன் டெஃபினிஷன் ஒன்று போட வேண்டும். ஜேசனுக்குப் பதில் சோப் (எக்ஸ்எம்எல் வெப் சர்வீஸ்) கேட்டால் டிஎஃப்எச்எல்எஸ்2டபிள்யூஎஸ். இசட்/ஓஎஸ் கனெக்ட் (மெயின்ஃபிரேம் புரோகிராம்களை ஏபிஐ-யாகத் தரும் ஐபிஎம் மென்பொருள்) ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதில் செய்யுங்கள், மொபைல் டீமுக்கு ஓபன்ஏபிஐ டாக்குமென்ட் கையில் கிடைக்கும்.

ஒரே இடத்தைப் பல விதமாகப் பிரிக்கும் ரீடிஃபைன்ஸ் நிறைந்த பழைய காப்பிபுக்கை அந்த ஜாபிடம் கொடுக்காதீர்கள், இன்டர்ஃபேஸுக்கென்று தட்டையாக ஒன்று எழுதுங்கள். காம்ஏரியா 32 கேபி-க்கு மேல் போகாது, பாலிசி பட்டியல் மாதிரி பெரிதாக அனுப்ப வேண்டுமென்றால் சேனல், கண்டெய்னர் வழியாக அனுப்புங்கள். ஜேசன் ஃபீல்டு பெயர்களை இப்போதே மொபைல் டீமோடு பேசி முடிவு செய்து, பைத்தானிலும் அதே பெயர்களை வைத்துவிடுங்கள். ரீஜனுக்கு மாறும்போது அவர்கள் யூஆர்எல் மட்டும் மாற்றினால் போதும்.