இருபது நிமிடத்தில் நின்றுவிடும் பழைய புல்வெட்டி: எங்கள் அனுபவங்கள்

நுவரெலியாவிலிருந்து:

வணக்கம். சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட பழைய தோட்டத்துப் பங்களா ஒன்றின் புல்வெளி பத்து வருடங்களுக்கும் மேலாக என் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி கொழும்பில் பாவித்த இயந்திரமாக வாங்கப்பட்டது, 12.5 குதிரைவலு கொண்ட ஒற்றைச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அதன் கோளாறு ஒன்று என்னை நெடுநாள் அலைக்கழித்தது. இதே சிரமத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

காலையில் சாவியை ஒருமுறை திருப்பினாலே எஞ்சின் இயங்கும். இருபது, இருபத்தைந்து நிமிடம் குறையில்லாமல் வெட்டும். பிறகு சத்தம் தணிந்து, மேட்டில் ஏறுபவருக்கு மூச்சு வாங்குவதுபோல இரண்டு மூன்று தடவை திணறி நின்றுவிடும். அரை மணித்தியாலம் விட்டுவைத்தால் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி ஓடும்.

முதலில் நான் சந்தேகித்தது, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரை. அதற்குக் காரணமும் இருந்தது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெறும் முறையில் பங்கீடாகக் கிடைத்த பெற்றோல் வாகனத்துக்கே போதாதிருந்ததால், புல்வெட்டி மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்தது. தாங்கியில் எஞ்சியிருந்த பெற்றோலை வடித்துவிட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திறந்து பார்த்தபோது, மிதவைக் கிண்ணத்தின் அடியில் பலாப்பால் காய்ந்ததுபோல ஒரு மண்ணிறப் பிசின் படிந்திருந்தது. பெற்றோலை அளவோடு விடும் பிரதான ஜெட்டின் துளையை, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையால் சுத்தம் செய்தேன். இரும்புக் கம்பியை அதற்குள் விடவே கூடாது. துளை மயிரிழை அளவு பெருத்தாலும் பெற்றோல் கூடுதலாகப் போகும். துப்புரவுக்குப் பின்னர் காலையில் இயங்குவது இலகுவாயிற்று, ஆனால் இருபது நிமிடக் கோளாறு அப்படியே இருந்தது.

பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியை (ஸ்பார்க்) உண்டாக்கும் பிளக்கைக் கழற்றினால் கரி படிந்து கறுத்திருந்தது. அதுவும் என்னைத் திசைதிருப்பியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டுக் காற்றுக்கு அளவெடுத்த ஜெட் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலை விடுவதால், பிளக் கறுப்பதும் எஞ்சினின் வலு சற்றுக் குறைவதும் இந்த உயரத்தில் எதிர்பார்க்க வேண்டியவையே. எஞ்சின் இடையில் நிற்பதற்கு அது காரணமல்ல.

பின்னர் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். சூடேறியதும், பிளக்கின் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கொயில் செயலிழக்கிறது என்று சொல்லிப் புதிய கொயிலைப் பூட்டினார்கள். அடுத்த கிழமையே பழையபடி நின்றது. சூட்டில் கொயில் பழுதாவது உண்மையாகவே நடக்கும் விடயம்தான். ஆனால் எஞ்சின் நின்ற அந்த நிமிடத்தில் ஸ்பார்க் வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. என் மனக்குறை அதுதான்.

வழி காட்டியவர், தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, அது நின்னவுடனே எறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போயிடாதீங்க. பெற்றோல் மூடிய மெதுவாத் தொறந்து காதக் குடுத்துக் கேளுங்க" என்றார். மறுநாள் எஞ்சின் திணறி நின்றதும் மூடியைத் தளர்த்தினேன். 'ஸ்ஸ்' என்று தாங்கி காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் தளர்வாக வைத்தபடியே சாவியைத் திருப்பினேன், உடனே இயங்கியது.

தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் இருக்கும் நுண்துளையைப் புல் தூளும் புழுதியும் அடைத்திருந்தன. உள்ளே அழுத்தம் குறையக் குறையப் பெற்றோல் வருவது மெலிந்து, கடைசியில் நின்றுவிடுகிறது. ஓய்வெடுத்தபோது கோளாறு நீங்கியது எஞ்சின் ஆறியதால் அல்ல, காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதால். தாங்கியை நிரப்பிய நாட்களில் சீக்கிரம் நின்றதும், அரைத் தாங்கியில் கூடுதல் நேரம் ஓடியதும் அப்போதுதான் விளங்கின: நிறைந்த தாங்கியில் காற்றுக்கு இடம் கொஞ்சம்தான், ஆகவே அழுத்தம் விரைவாக இறங்கிவிடுகிறது. மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துளையை ஊதித் திறந்தேன். அதற்குப் பின் ஒரு நாளும் இடையில் நிற்கவில்லை.

பண்டாரவளையிலிருந்து:

ஐயா எழுதியதில், எஞ்சின் "திணறி நின்றது" என்ற சொல் முக்கியமானது என்று கருதுகிறேன். எங்கள் இயந்திரம் திணறவே இல்லை. சாவியை நிறுத்தியதுபோல ஒரே நொடியில் அடங்கிவிடும். அதுவும் மேடுபள்ளத்தில் குலுங்கும்போதுதான் அப்படி நடக்கும். பெற்றோல் குறைந்தால் எஞ்சின் தள்ளாடித்தான் நிற்கும், மின்சாரம் அறுந்தால் சட்டென்று நிற்கும் என்பதை அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இருக்கையின் அடியில் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறது. ஓட்டுபவர் எழுந்தாலோ விழுந்தாலோ எஞ்சினை நிறுத்துவது அதன் வேலை. மூடுபனியிலும் மழையிலும் நனைந்து அதன் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இருக்கை சற்று எழும்பினாலே தொடர்பு விட்டுப்போயிற்று. இரண்டு வயர்களையும் முறுக்கிவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் புல்வெளி சரிவானது. அங்கே ஒருவர் சறுக்கி விழுந்தால் வெட்டும் கத்தி சுழன்றுகொண்டே இருக்கும். புதிய சுவிட்ச் கிடைக்கும் வரை இரண்டு கிழமை கைக்கத்தியால் புல் வெட்டினோம்.

கொயில்தான் பழுது என்று எப்படி உறுதி செய்வது என்பதையும் ஐயா எழுதினால் நன்றாக இருக்கும்.

நுவரெலியாவிலிருந்து:

நன்றி தம்பி. நீங்கள் சுவிட்சைப் புதிதாகவே மாற்றியது மிகச் சரி.

மூடியைத் திறந்தும் இயங்காவிட்டால், சூடு ஆறுவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, ஸ்பார்க்தான் இல்லை. காய்ந்திருந்தால் பெற்றோலே வரவில்லை. பிறகு பிளக்கை அதன் வயரில் மாட்டி, பிளக் துளையிலிருந்து நன்கு விலக்கி, எஞ்சினின் இரும்பில் படும்படி வையுங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்த பின்னரே இன்னொருவரை இருக்கையில் அமர்த்தி, பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பார்க் வராவிட்டால், கொயிலில் மாட்டியிருக்கும் நிறுத்தும் வயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் கொயில் நல்லது, பழுது சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது. அப்போதும் வராவிட்டால் கொயிலை மாற்றலாம். சோதனை முடிந்ததும் அந்த வயரைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம். அது இல்லாமல் சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது.

என் பழைய கொயிலை எறியாமல் வைத்திருந்தேன். சென்ற மாதம் அதையே மறுபடி பூட்டி, எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே தடித்த விசிட்டிங் கார்ட் ஒன்றை வைத்து இடைவெளியைச் சரிசெய்தேன். ஒன்றரை மணித்தியாலம் இடைவிடாமல் ஓடியது. புதியது இப்போது எண்ணெய்த் துணியில் சுற்றியபடி கொட்டகைத் தகரப் பெட்டியில் இருக்கிறது.