வால்பாறை மரம்: எந்த நாவல் இனம்?

நண்பர்களே, வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சோலைத் துண்டு ஒன்றில் பெரிய மரம் ஒன்று காய்த்திருக்கிறது. பெயர் தெரிய வேண்டும்.

இலைகள் எதிரெதிராக உள்ளன. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி குத்தியது போல எண்ணெய்ப் புள்ளிகள் தெரிகின்றன. பக்க நரம்புகள் எல்லாம் ஓரத்தை ஒட்டி ஓடும் ஒரு நரம்பில் போய்ச் சேர்கின்றன. கசக்கினால் நல்ல வாசனை. கொழுந்து செம்பு நிறம். பூத்திருந்தபோது அடியில் வெள்ளை மகரந்தக் கம்பிகள் கொட்டிக் கிடந்தன. இதெல்லாம் சேர்ந்தால் மிர்ட்டேசி (கொய்யா, நாவல் சேர்ந்த) குடும்பம் என்பது உறுதி; அதிலும் நாவல் சேர்ந்த சைஜீஜியம் பேரினமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஊர் நாவல் இல்லை. அதற்குப் பூங்கொத்து இலைகளுக்குக் கீழே, பழைய கிளையில் வரும்; இதற்குக் கிளை நுனியில். பழமும் நீளமாக இல்லை, உருண்டை. தலையில் புல்லிவட்டம் கிரீடம் மாதிரி அப்படியே நிற்கிறது.

ஆனைமலைச் சைஜீஜியங்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இனத்தைப் பிரிக்க இனி எதைப் பார்க்க வேண்டும்? இளங்கிளை உருண்டையா, நாற்கோணமா என்பதா? மொட்டின் அளவா? பழைய நூல்களில் பல இனங்கள் யூஜீனியா என்ற பெயரில் இருப்பதால், பழைய பெயரையும் சேர்த்துச் சொன்னால் தேட வசதி.

கொஞ்சம் அவசரம். இந்த விதைகள் காய்ந்தால் முளைக்காது; உடனே நாற்றங்காலில் போட வேண்டும். தவறான பெயரோடு கன்றுகள் காட்டுக்குள் போகக் கூடாது. படங்கள் கருத்துப் பகுதியில் போடுகிறேன்.